எண் வந்தது, கேட் இறங்கவில்லை

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் ரயில் பாதை, ஆலப்பாக்கத்துக்கு முன்பாகச் செம்மங்குப்பத்தில் ஒரு சாலையைக் குறுக்கே கடக்கிறது. 2025 ஜூலை 8 காலை, அந்த லெவல் கிராசிங்கில் விழுப்புரம் - மயிலாடுதுறை பாசஞ்சர் ஒரு பள்ளி வேன்மீது மோதியதில் மூன்று மாணவர்கள் இறந்தார்கள். வேன் ஓட்டுநர் வற்புறுத்தியதால் கேட் திறக்கப்பட்டது என்பதுதான் ரயில்வே முதலில் தந்த விளக்கம். விசாரணையில் வெளிவந்ததோ வேறு: கேட் மூடப்படவே இல்லை, ஆனால் மூடியாகிவிட்டது என்பதற்கு அடையாளமான 'பிரைவேட் நம்பர்' மட்டும் ஸ்டேஷன் மாஸ்டருக்குப் போயிருந்தது. கேட் கீப்பர் கைதானார். அவர் செய்தது குற்றமா இல்லையா என்பதை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும். இங்கே எடைபோட வேண்டியது அந்த எண்ணை.

இந்த ஏற்பாட்டை எள்ளி நகையாடிவிட முடியாது. ரயில் கிளம்புமுன் ஸ்டேஷன் மாஸ்டர் கேட்டுக்குப் போன் செய்து, இன்ன வண்டி வருகிறது என்கிறார். கேட் கீப்பர் கேட்டை மூடிப் பூட்டிவிட்டு, தன்னிடமுள்ள தாளில் அடுத்ததாக இருக்கும் இரண்டிலக்க எண்ணைச் சொல்கிறார். எண்கள் வரிசையாக வராமல் தாறுமாறாக அச்சிடப்பட்டிருக்கும். எதிர்முனையில் இருப்பவரால் ஊகிக்க முடியாது. சொன்னதும் பெற்றதும் இரண்டு இடத்திலும் பதிவேட்டில் ஏறும். வெறும் "சரி சார்" எந்த வண்டிக்கு, எப்போது சொல்லப்பட்டது என்ற குழப்பம் இதனால் தீர்கிறது. பின்னால் யாரும் "நான் சொல்லவில்லை" என்று கைவிரிக்கவும் முடியாது. மின்சாரம் சரியாக வராத கேட்டிலும் ஒரு தொலைபேசியையும் ஒரு தாளையும் வைத்து இத்தனை ஒழுங்கைக் கொண்டுவந்தது சாதாரண விஷயமில்லை.

ஆனால் அந்த எண் நிரூபிப்பது, பேச்சு நடந்தது என்பதை மட்டும்தான். கேட் இறங்கியதா என்பது அதற்குத் தெரியாது. விமானத் துறையும் இதே பள்ளத்தில் விழுந்து எழுந்திருக்கிறது. தரைக் கட்டுப்பாட்டு அதிகாரி சொல்லும் உயரத்தை விமானி திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது அங்கே விதி. 1996 நவம்பர் 12 அன்று ஹரியானாவின் சர்க்கி தாத்ரி வானில், 15,000 அடியில் நிற்க வேண்டிய கஜகஸ்தான் விமானம் அதற்கும் கீழே இறங்கி, 14,000 அடியில் வந்த சவூதி விமானத்தில் மோதியது. 349 பேர் இறந்தார்கள். டெல்லியில் அன்று இருந்த ரேடார் உயரத்தைக் காட்டாது. அதிகாரியின் கையில் இருந்தது விமானத்திலிருந்து வந்த வார்த்தை மட்டுமே. அதன்பிறகு இந்தியா, எதிரே வரும் விமானத்தைத் தானே கண்டறிந்து எச்சரிக்கும் கருவியைக் கட்டாயமாக்கியது. திருப்பிச் சொல்லும் வழக்கத்தைக் கைவிடவில்லை. பேச்சைச் சாராத இரண்டாவது சாட்சி ஒன்றை அதன் பக்கத்தில் நிறுத்தினார்கள். ரயில்வேயில் அந்தச் சாட்சியின் பெயர் இன்டர்லாக்கிங்: கேட் பூட்டப்படாமல் ரயிலுக்குப் பச்சை சிக்னல் விழாது. செம்மங்குப்பத்தில் அது இல்லை.

சிக்கல் மொழியில்தான் இருக்கிறது, கேட் கீப்பராகத் தமிழ் தெரிந்தவரை நியமித்தால் போதும் என்ற வாதம் விபத்துக்குப் பின் பலமாக எழுந்தது. அதில் நியாயம் உண்டு. 2019 மே மாதம் திருமங்கலம் - கள்ளிக்குடி இடையே இரண்டு ரயில்கள் ஒரே பாதையில் விடப்பட்டபோது, ஸ்டேஷன் மாஸ்டர்களுக்கிடையே மொழி புரியாததுதான் காரணமாகப் பேசப்பட்டது. இந்தியிலோ ஆங்கிலத்திலோ பேசுங்கள் என்று அடுத்த மாதமே தெற்கு ரயில்வே சுற்றறிக்கை விட்டு, எதிர்ப்பு கிளம்பியதும் திரும்பப் பெற்றது. (உள்ளூர் மொழியை விலக்கினால் புரிதல் கூடும் என்று எப்படித்தான் தோன்றியதோ!) ஆனால் செம்மங்குப்பத்தில் எண் தவறாகப் புரிந்துகொள்ளப்படவில்லை. நடக்காத வேலைக்கு எண் கொடுக்கப்பட்டது. அதைச் சுத்தத் தமிழிலும் கொடுக்கலாம்.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு: இயந்திரமும் பொய் சொல்லும். 2023 ஜூன் 2 அன்று பாலசோர் அருகே பகாநாகா பஜாரில் 290க்கும் மேற்பட்டவர்களைப் பலிகொண்ட விபத்துக்கு வித்திட்டது, ஒரு லெவல் கிராசிங் சார்ந்த சிக்னல் வயரிங் வேலையில் நேர்ந்த பிழைதான். உண்மை. அதனால்தான் எண்ணைத் தூக்கிப் போட்டுவிட்டு இயந்திரத்தை மட்டும் நம்பு என்று சொல்ல முடியாது. ஆனால் இரண்டும் ஒரே நேரத்தில் தவறுவது அரிது. ஒன்று மட்டுமே இருக்கும் இடத்தில் ஒரு மனிதரின் ஒரு நிமிட அசட்டை போதும்.

எல்லா கேட்டுக்கும் இன்டர்லாக்கிங் வைக்கச் செலவு ஆகும் என்பார்கள். ஒரு நாளில் ஓடும் ரயில்களின் எண்ணிக்கையைச் சாலை வாகன அலகுகளால் பெருக்கிக் கிடைக்கும் தொகையை வைத்தே எந்த கேட்டுக்கு இன்டர்லாக்கிங் என்று முடிவாகிறது. விபத்துக்குப் பின் அதற்கான வரம்பைக் குறைப்பதாக ரயில்வே அமைச்சர் அறிவித்தார். ஒரு வேனில் எத்தனை பிள்ளைகள் என்பது அந்தப் பெருக்கலில் வராது. என்றாலும் வரம்பைக் குறைத்தது சரியான முடிவுதான். கூடவே, கேட் உரையாடல்களின் ஒலிப்பதிவை அதிகாரிகள் அவ்வப்போது எடுத்துக் கேட்டுச் சோதிக்க வேண்டும் என்றும் உத்தரவு. கேட்பவர் காதில் என்ன விழும்? ஒழுங்காகச் சொல்லி, ஒழுங்காக எழுதிக்கொள்ளப்பட்ட ஓர் இரண்டிலக்க எண். கேட் அப்போது கீழே இருந்ததா, மேலே இருந்ததா என்பது அந்தப் பதிவில் இருக்காது.