கல்லில் ஒரு விசிட்டிங் கார்டு

டோக்கியோவிலிருந்து லீவில் வந்த நண்பர் தன் விசிட்டிங் கார்டை நீட்டி, 'கிழிங்க பார்ப்போம்' என்றார். லேசில் கிழியவில்லை. டம்ளர் தண்ணீரில் முக்கினேன், ஊறவில்லை. 'சுண்ணாம்புக் கல் சார்! மரமே கிடையாது' என்று ஏதோ தானே கண்டுபிடித்த மாதிரி சிரித்தார்.

பெயர் லைமெக்ஸ். 2011-ல் ஆரம்பித்த டி.பி.எம். என்கிற ஜப்பானியக் கம்பெனியின் சரக்கு. கல் காகிதம் என்ற ஐடியா அதற்கு முன்பே தைவானில் பிறந்துவிட்டது. ஜப்பானில் பெட்ரோலியம் கிட்டத்தட்ட முழுக்க இறக்குமதி. சுண்ணாம்புக் கல் மட்டும் உள்ளூரிலேயே ஏராளம். அதனால் அவர்கள் இதில் இறங்கியது நியாயமே. மரக்கூழ் வேண்டாம், கூழுக்கான தண்ணீர் வேண்டாம். சிமென்ட்டுக்குப் போல கல்லைச் சுடவும் வேண்டாம், அரைத்தால் போதும். (100 கிலோ சுத்தமான சுண்ணாம்புக் கல்லைச் சுட்டால் 44 கிலோ கார்பன் டை ஆக்ஸைடு வெளியேறும், அடுப்புப் புகை தனி.)

இதுவரை சபாஷ். ஆனால், கல் பொடி தானாக ஒட்டிக்கொண்டு காகிதமாகுமா? ஆகாது. ஒட்டுவது பிளாஸ்டிக். கல் காகிதத்தில் பொதுவாக 80 சதவிகிதம் கல், 20 சதவிகிதம் பாலிஎதிலீன் என்பார்கள். பரவாயில்லையே என்று தோன்றும். பேப்பர், பேனா எடுங்கள். அது எடைக் கணக்கு. கல்லின் அடர்த்தி 2.7, பாலிஎதிலீன் 0.95. ஒரு கிலோவில் 800 கிராம் கல் பிடிக்கிற இடம் 296 கன சென்டிமீட்டர். 200 கிராம் பிளாஸ்டிக் பிடிப்பது 210. அதாவது, நடுவே உள்ள காற்றை விட்டுவிட்டால், உங்கள் கையில் இருப்பதில் நாற்பது சதவிகிதத்துக்கு மேல் பிளாஸ்டிக்!

எடையில் பாதிக்குப் பாதி கலந்த பையில் இன்னும் மோசம். பருமனில் முக்கால் பங்கு பிளாஸ்டிக். அதே பருமனுள்ள சாதாரணப் பையைவிட மிச்சமாவது கால் பங்குதான். கால் பங்கு மிச்சமும் மிச்சம்தான், அதை நான் மட்டம் தட்டவில்லை. பை, தட்டு, டப்பா என்று ஏற்கெனவே பிளாஸ்டிக் இருக்கிற இடத்தில் கல்லைக் கலப்பது உருப்படியான காரியம். மழையில் நனையும் மேப், சுவரொட்டி இவற்றுக்கும் சரி. விசிட்டிங் கார்டுக்கும் நோட்டுப் புத்தகத்துக்கும் எதற்கு? பிளாஸ்டிக்கே இல்லாத இடத்தில் அதைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, மரத்தைக் காப்பாற்றினேன் என்பது கொஞ்சம் ஓவர். மரம் வெட்டினால் மறுபடி நடலாம்.

சேகரித்துக் கொடுத்தால் உருக்கித் தட்டாக்கலாம் என்கிறார்கள். செய்யட்டும். உங்களுக்கு யாராவது இப்படி ஒரு கார்டு கொடுத்தால் பழைய பேப்பரோடு மட்டும் சேர்த்துப் போட்டுவிடாதீர்கள். ஆலையின் கூழ்த் தொட்டியில் அது கரையாது. நண்பருடையது இன்னும் என் டம்ளரில்தான் ஊறிக்கொண்டிருக்கிறது, போன் நம்பர் ஓர் எழுத்துக்கூட அழியாமல்.