நட்சத்திரச் சீட்டும் மொட்டை மாடியும்

கோடை வந்துவிட்டால் தியாகராய நகர்க் கடைகளில் குளிர்பதனப் பெட்டி வாங்க வருவோர் முதலில் பார்ப்பது, அதன்மேல் ஒட்டியுள்ள நட்சத்திரச் சீட்டைத்தான். ஐந்து நட்சத்திரம் இருந்தால் மின்கட்டணக் கவலை தீர்ந்தது என்பது பொதுவான நம்பிக்கை. அந்தச் சீட்டையே ஒரு நூலாகக் கொண்டு சற்று ஆராய்வோம்.

ஆற்றல் திறன் பணியகம் 2006இல் தொடங்கிய இத்திட்டம் நல்ல திட்டமே. பெட்டிக்குப் பெட்டி ஒப்பிட இதைவிட எளிய வழி இல்லை. ஆனால் சீட்டில் அச்சிட்டுள்ள ஆண்டுச் செலவு, பெட்டி 1600 மணி நேரம் ஓடும் என்று வைத்துக்கொண்டு கணக்கிட்டது. அதாவது இரவுக்கு எட்டு மணி வீதம் 200 இரவுகள். மார்ச்சு முதல் அக்டோபர் வரை விடாது ஓட்டும் சென்னைக் குடும்பத்துக்கு இக்கணக்குப் போதாது. மேலும் சோதனை நடப்பது ஆய்வுக்கூடத்தில். அங்கே தூசி படிந்த வடிகட்டி கிடையாது. பெசன்ட் நகரின் உப்புக் காற்று அரித்த அலுமினியத் தகடுகளும் கிடையாது. தியாகராய நகர்ச் சந்துகளில் ஒரு வீட்டின் பெட்டி கக்கும் அனலை எதிர்வீட்டுப் பெட்டி உறிஞ்சுகிறதே, அதுவும் கிடையாது.

இவற்றையெல்லாம் கழுவியும் இடம் மாற்றியும் ஓரளவு சரிசெய்யலாம். சீட்டில் அறவே இடம் பெறாத பெரிய பொருள் ஒன்று உண்டு. அதுதான் கூரை.

சென்னை 13 பாகை வட அகலாங்கில் உள்ளது. ஏப்ரல் பிற்பகுதியில் நண்பகல் சூரியன் நம் உச்சிக்கு நேராக வருகிறது; மே, ஜூன் மாதங்களில் உச்சிக்குச் சற்று வடக்கே செல்கிறது. ஆகவே தெற்குச் சன்னலுக்குக் கனத்த திரை போடுவோர் வெயில் அதிகம் வராத வழியை அடைக்கிறார்கள்! வெயிலைத் தாங்குவது மொட்டை மாடி.

ஒரு சிறு கணக்கு. 10 சதுர மீட்டர் பரப்பும் 12 செ.மீ. கனமும் உள்ள கான்கிரீட் கூரையின் எடை ஏறத்தாழ 2,900 கிலோ. இது இரவில் 10 டிகிரி குளிர்ந்தால் வெளிவிடும் வெப்பம் சுமார் 7 யூனிட். பாதி வானத்துக்குப் போகட்டும். மீதிப் பாதி உங்கள் படுக்கையறைக்கு. அதை அகற்ற மட்டும் ஒரு டன் பெட்டி ஒரு மணி நேரம் முழு மூச்சாக உழைக்க வேண்டும். (டன் என்பது பெட்டியின் எடையன்று. ஒரு டன் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகக் கவரும் வெப்பத்தின் அளவு. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமித்த ஐஸ் ஹவுஸ்தான் இன்று கடற்கரைச் சாலையில் விவேகானந்தர் இல்லமாக நிற்கிறது.)

2020 சனவரி முதல் புதிய பெட்டிகள் 24 டிகிரியில் தாமே தொடங்குமாறு விதி செய்யப்பட்டுள்ளது. நல்ல விதிதான். ஆனால் பெட்டி அளப்பது காற்றின் வெப்பநிலையை மட்டுமே. சூடான கூரை கதிர்வீச்சாக நேரே உடலைத் தாக்குவதை அது அறியாது. மேல்தளத்தில் குடியிருப்பவர் 24ஐ 20ஆகக் குறைப்பது ஊதாரித்தனத்தால் அன்று.

மயிலாப்பூரின் பழைய வீடுகளில் செங்கல் ஜல்லியைச் சுண்ணாம்புடன் கலந்து தளம் பரப்பி, மேலே தட்டோடு பதித்தார்கள். இன்று அந்தப் பூச்சு வெடித்தாலும், மழைநீர் ஒழுகினால்தான் கவனிக்கிறோம். வெயில் ஒழுகுவது யார் கண்ணுக்கும் படுவதில்லை. இதில் இன்னொரு சிக்கல்: மாடி வீட்டுக்காரருடையது, மின்கட்டணம் குடியிருப்பவருடையது. வெள்ளையடிக்க யார் செலவு செய்வார்? சீட்டை வகுத்தவர்கள் கட்டடத்துக்கும் அப்படி ஒரு சீட்டை வாடகை ஒப்பந்தத்தோடு கட்டாயமாக்கியிருந்தால் இக்கேள்விக்கு விடை கிடைத்திருக்கும்.

மாணவர்கள் இதைச் சோதித்துப் பார்க்கலாம். மாடியைப் பெருக்கிக் கழுவி, ஓர் அறைக்கு மேலுள்ள பகுதிக்கு மட்டும் சுண்ணாம்பு இரண்டு பூச்சுப் பூசுங்கள். அந்த அறையிலும் பக்கத்து அறையிலும் கூரையைத் தொடுமாறு ஒவ்வொரு வெப்பமானியைக் கட்டுங்கள். மாலை நான்கு மணிக்கும் இரவு பத்து மணிக்கும் ஒரு வாரம் குறித்து வாருங்கள். மாடியில் தூசி படிந்தால் கழுவிவிட்டு மறுபடி அளவெடுங்கள்.