இன்னும் ஆடாத ஆட்டத்தின் ரசிகர்கள்

ஒரு ரசிகர் எதை ரசிக்கிறார் என்று கேட்டால், நடந்து முடிந்த ஒன்றை என்றுதான் சொல்லத் தோன்றும். பார்த்த படம், கேட்ட பாட்டு, ஆடி முடித்த இன்னிங்ஸ். அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் இதற்கு நேர் எதிரான ஒரு ரசனை இருக்கிறது. ஒரு பள்ளி மாணவன் "அடுத்த வருஷம் இந்தக் கல்லூரிக்கு ஆடப்போகிறேன்" என்று அறிவித்த நிமிடமே அங்கே கொண்டாட்டம் ஆரம்பமாகிவிடும். அந்தக் கல்லூரியின் சீருடையை அவன் இன்னும் போட்டதுகூட இல்லை. ஆனாலும் "பையன் வந்துட்டான்ல, இனிமே பாருங்க" என்பார் ஒருவர். "மூணு வருஷத்துல கோப்பை நமக்குத்தான்" என்பார் இன்னொருவர். அத்தனை வாக்கியங்களும் எதிர்காலத்தில் இருக்கும். எல்லாவற்றிலும் 'நமக்கு', 'நம்ம பையன்' என்ற சொற்கள் இருக்கும்.

வந்தவன் ரன்னிங் பேக் என்றால் இந்தக் கொண்டாட்டம் இன்னும் கூடும். இந்த ஃபுட்பால் நாம் காலால் உதைத்து ஆடுவது அல்ல; பெரும்பாலும் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவது. ரன்னிங் பேக்கின் வேலையைச் சொல்வது சுலபம். பந்தை வாங்கிக்கொண்டு, தன்னைவிடப் பெரிய ஆட்கள் சுவர் மாதிரி நிற்கும் இடத்தில் ஓர் இடைவெளியைக் கண்டுபிடித்து ஓட வேண்டும். பெரும்பாலான ஓட்டங்கள் யாராவது மேலே வந்து விழுவதில்தான் முடியும். ஒரு முழங்கால் எத்தனை வருஷம் இதைத் தாங்கும்? அதனால்தான் புதிதாக வரும் பையன்மேல் அவ்வளவு ஆசை. அவன் கால்கள் இன்னும் அடிபடாதவை. யாருடைய நம்பிக்கையையும் அவை இன்னும் பொய்யாக்கவில்லை.

இந்த விசித்திரமான அன்பைப் பற்றி நான் வாசித்ததில் முக்கியமான புத்தகம், வில்லி மோரிஸ் 1983ல் வெளியிட்ட 'தி கோர்ட்டிங் ஆஃப் மார்கஸ் டுப்ரீ'. நானூறு பக்கங்களுக்கு மேல் நீளும் இந்த நூலை விளையாட்டுப் புத்தக வரிசையில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவது சுலபம். அது விளையாட்டுப் புத்தகம்தான். ஆனால் ஓர் ஊர் தன் பழைய பாவத்துக்கு ஒரு பள்ளி மாணவனிடம் மன்னிப்பை எதிர்பார்த்த கதையும் அதில் இருக்கிறது.

ஊரின் பெயர் பிலடெல்ஃபியா. சுதந்திரப் பிரகடனம் கையெழுத்தான பென்சில்வேனியா நகரம் இல்லை; மிசிசிப்பி மாநிலத்தின் நெஷோபா கவுன்ட்டியில் இருக்கும் சின்ன ஊர். 1964 மே 22 அன்று மார்கஸ் டுப்ரீ அங்கே ஒரு கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தான். ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஜூன் 21 அன்று, கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காக உழைக்க வந்த ஜேம்ஸ் சேனி, ஆண்ட்ரூ குட்மேன், மைக்கேல் ஷ்வெர்னர் ஆகிய மூன்று இளைஞர்கள் அதே கவுன்ட்டியில் கு கிளக்ஸ் கிளான் ஆட்களால் கொல்லப்பட்டார்கள். வண்டியை வேகமாக ஓட்டியதாகச் சொல்லி அவர்களைக் கைது செய்து, இரவில் விடுவித்து, பிறகு துரத்திப் பிடித்துக் கொலையாளிகளிடம் சேர்த்தவர் துணை ஷெரிஃப் சிசில் பிரைஸ். உடல்கள் ஆகஸ்ட் 4 அன்று ஒரு மண் அணைக்கு அடியில் கிடைத்தன. மாநில அரசு கொலை வழக்கே போடவில்லை. 1967ல் மத்திய அரசு தொடுத்த சதி வழக்கில் பிரைஸ் உட்பட ஏழு பேருக்குத் தண்டனை கிடைத்தது. யாரும் ஆறு வருடங்களுக்கு மேல் சிறையில் இருக்கவில்லை.

மிசிசிப்பியின் பள்ளிகளில் கறுப்பு, வெள்ளைப் பிள்ளைகள் ஒன்றாக உட்கார ஆரம்பித்தது 1970ல். அதுவும் உச்ச நீதிமன்றம் கட்டாயப்படுத்திய பிறகுதான். முதல் வகுப்பிலிருந்து கடைசிவரை ஒரே பள்ளியில் சேர்ந்து படித்து வெளியே வந்த முதல் தலைமுறையில் மார்கஸ் ஒருவன். உயர்நிலைப் பள்ளி முடிக்கும்போது ஆறடி மூன்று அங்குல உயரம், நூறு கிலோவுக்கு மேல் எடை; அந்த உடம்பில் ஒரு ஓட்டப்பந்தய வீரனின் வேகம். பள்ளி நாட்களில் 87 டச்டவுன்கள் எடுத்து, ஹெர்ஷல் வாக்கரின் சாதனையை ஒன்றே ஒன்றில் தாண்டினான். அதே அணியில் அவனோடு ஆடிய பையன்களில் ஒருவன் சிசில் பிரைஸின் மகன்.

இந்தத் தகவலை ஒரு நாவலாசிரியர் கற்பனை செய்திருந்தால், 'ரொம்பத் திட்டமிட்டு வெச்ச மாதிரி இருக்கே' என்று நாமே சொல்லியிருப்போம். மோரிஸுக்கு அது நிஜமாகவே கிடைத்தது. அவர் அதைத் தூக்கிக் காட்டி முழங்கவில்லை என்பதுதான் புத்தகத்தின் முதல் பலம். வெள்ளிக்கிழமை இரவு ஆட்டங்கள், அந்தப் பழைய சிறைச்சாலை, கல்லறைகள், அந்த மண்ணின் பூர்வகுடிகளான சாக்டா மக்கள் என்று அவர் சுற்றிச் சுற்றிப் போகிறார். 'கதைக்கு வாய்யா' என்று வாசகருக்கு எரிச்சல் வரும் இடங்களும் உண்டு. ஆனால் அந்தச் சுற்றலுக்கு ஒரு காரணம் இருக்கிறது. மைதானத்தில் எழும் சத்தத்தை மட்டும் எழுதினால் ஊர் மாறிவிட்டது என்றே தோன்றும். மைதானத்திலிருந்து சிறைச்சாலைவரை நடந்து பார்த்தால்தான், மாறியது எது, சும்மா கைதட்டியது எது என்று பிரித்துப் பார்க்க முடியும்.

தலைப்பையே எடுத்துக்கொள்வோம். 'கோர்ட்டிங்' என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது? 'பெண் கேட்டு வருதல்' என்றால் மரியாதை வந்துவிடுகிறது. 'வளைத்துப் போடுதல்' என்றால் உள்நோக்கம் வெளியே தெரிந்துவிடுகிறது. அன்று நடந்ததற்கு இரண்டுமே வேண்டும். நாட்டின் பெரிய கல்லூரிகளின் பயிற்சியாளர்கள் வரிசையாக அந்தச் சின்ன ஊருக்கு வந்தார்கள். ஓக்லஹோமாவின் துணைப் பயிற்சியாளர் லூஷியஸ் செல்மன் வாரக்கணக்கில் அங்கேயே தங்கிவிட்டார். வந்தவர்கள் எல்லோரும் பையனைப் புகழ்ந்தார்கள். அவனுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்கள். மிசிசிப்பிக்காரர்களோ அவன் சொந்த மாநிலத்திலேயே ஆட வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள். 1962ல் ஜேம்ஸ் மெரெடித் என்ற ஒரே ஒரு கறுப்பின மாணவர் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் சேர வந்தபோது கலவரம் வெடித்து இரண்டு பேர் செத்தார்கள். இருபதே வருடத்தில், இன்னொரு கறுப்பினப் பையன் எங்கே படிப்பான் என்று மாநிலமே தவம் கிடந்தது. பையன் ஓடுவான் என்பதுதான் இரண்டுக்கும் நடுவே இருந்த வித்தியாசம்.

இங்கே ஒரு கேள்வி வருகிறது. அந்த உற்சாகம் பொய்யா? பொய் இல்லை என்பதுதான் மோரிஸின் பதில், அதோடு நான் உடன்படுகிறேன். அப்பன் துரத்தியது மூன்று பேரை; மகன் ஒரு கறுப்பினப் பையனோடு சேர்ந்து வியர்வை சிந்தினான். அது ஒன்றுமே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த அன்பில் ஒரு நிபந்தனை ஒளிந்திருந்தது: ஓடிக்கொண்டே இருக்கும்வரை. மன்னிப்பு கேட்க வேண்டியவர்கள் கேட்காமலே, மன்னிக்கப்பட்ட உணர்வை அவன் ஒவ்வொரு டச்டவுனும் ஊருக்குத் தந்துகொண்டிருந்தது. ஒரு பதினேழு வயதுப் பையன் தலையில் ஏற்றக்கூடிய சுமையா இது?

மோரிஸும் அந்தச் சுமையைக் கொஞ்சம் ஏற்றத்தான் செய்கிறார். மிசிசிப்பியின் யாஸூ சிட்டியில் வளர்ந்தவர். நியூயார்க்கில் 'ஹார்ப்பர்ஸ்' பத்திரிகையின் ஆசிரியராக இருந்தவர். 1980ல் சொந்த மாநிலத்துக்குத் திரும்பி வந்தவர். தான் விட்டுப்போன மண் திருந்திவிட்டது என்று நம்ப அவருக்கு ஆசை. அந்த ஆசைக்கு மார்கஸ் சாட்சி சொல்ல வேண்டியிருக்கிறது. அதனால் புத்தகத்தில் ஊர் பேசுகிறது, வரலாறு பேசுகிறது, மோரிஸ் நிறையவே பேசுகிறார். மார்கஸ் மட்டும் அதிகம் பேசுவதில்லை. நூலின் பெரிய குறை இது. ஆனால் ஒரு விதத்தில் இதுதான் அதன் உண்மையும். எல்லா ரசிகர்களையும் போல மோரிஸும் பையனைப் பார்த்துக்கொண்டே தன்னைப் பற்றி நினைத்துக்கொண்டிருக்கிறார். இதை மறைக்காமல் எழுதியிருப்பதால்தான் நாற்பது வருடம் கழித்தும் புத்தகம் நிற்கிறது.

பையன் 1982 பிப்ரவரியில் ஓக்லஹோமாவைத் தேர்ந்தெடுத்தான். முதல் சீசன் முடிந்து, 1983 ஜனவரி 1 அன்று ஃபியஸ்டா போல் ஆட்டம். பதினேழே ஓட்டங்களில் 239 கெஜம் ஓடினான். அணி தோற்றது. பயிற்சியாளர் பேரி ஸ்விட்சர் பையனைப் பாராட்டுவதற்குப் பதிலாக, உடம்பைச் சரியாக வைத்துக்கொள்ளவில்லை என்று வெளிப்படையாகக் குறை சொன்னார். அந்த அக்டோபரில், டெக்சஸிடம் தோற்ற பிறகு, மார்கஸ் ஓக்லஹோமாவை விட்டு மிசிசிப்பிக்குத் திரும்பிவிட்டான். கல்லூரி மாறினால் ஒரு சீசன் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது அன்றைய விதி. அவன் காத்திருக்கவில்லை, 1984ல் யுஎஸ்எஃப்எல் என்ற புதிய தொழில்முறை லீகில் சேர்ந்தான். 1985ல் முழங்கால் போனது. ஐந்து வருடம் கழித்து லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ் அணிக்குத் திரும்பி வந்து இரண்டு சீசன்கள் ஆடினான். அவ்வளவுதான்.

ஒரு பையன் விட்டுப்போனதும் ரசிகர்களின் மொழி எப்படித் திரும்புகிறது என்பதைக் கவனித்தால், வரவேற்பும் வசவும் ஒரே வாக்கியம்தான் என்று புரியும். "நமக்குக் கிடைச்சான்" என்பது "நம்மள ஏமாத்திட்டான்" ஆகிறது. அதே 'நம்ம', அதே உரிமை. வாங்கிய பொருள் பழுதானால் வரும் கோபம் அது. வாங்கியதாக நினைத்ததுதான் பிழை என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

உண்மையில் வாங்கியவர்கள் வேறு யாரோ. 1984 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பு சொன்னது: கல்லூரி ஆட்டங்களின் தொலைக்காட்சி உரிமையை என்சிஏஏ அமைப்பு மட்டுமே கட்டுப்படுத்தக் கூடாது, கல்லூரிகள் தாங்களே விற்றுக்கொள்ளலாம். வழக்குப் போட்டவர்களில் ஓக்லஹோமா பல்கலைக்கழகமும் ஒன்று. கோடிக்கணக்கான டாலர் வருமானத்துக்குக் கதவு திறந்தது. ஆடும் பையன்களுக்கோ அதற்குப் பிறகும் பல வருடங்களுக்குக் கல்வி உதவித்தொகை மட்டும்தான். தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்க அவர்களுக்கு அனுமதி கிடைத்தது 2021 ஜூலையில். இப்போது கல்லூரி மாறுவதும் எளிது. உடனே, "இப்பல்லாம் பசங்க காசுக்குத்தான் ஆடுறாங்க, விசுவாசமே இல்ல" என்று புலம்பல். காசு நாற்பது வருடமாக அங்கேதான் இருந்தது. பையன் கைக்கு வந்தபோதுதான் அது அசிங்கமாகத் தெரிகிறது.

மோரிஸ் விட்ட இடத்தை 2010ல் ஜோனதன் ஹாக் இயக்கிய 'தி பெஸ்ட் தட் நெவர் வாஸ்' ஆவணப்படம் ஓரளவு நிரப்புகிறது. நாற்பதுகளின் மத்தியில் இருக்கும் மார்கஸ் லாரி ஓட்டிப் பிழைக்கிறார். கேமரா முன்னால் நிதானமாக, பெரிய கசப்பில்லாமல் பேசுகிறார். தான் கையாண்ட விதம் பற்றி ஸ்விட்சரும் வருத்தப்படுகிறார். ஆனால் படத்தின் தலைப்பு மறுபடியும் ரசிகரின் தலைப்பு: 'ஆகியிருக்க வேண்டியவர்'. ஆகியிருக்க வேண்டியது யாருடைய கணக்கில்? தன் கண்முன்னால் ஒரு முழு மனிதர் உட்கார்ந்து பேசும்போதும், நடக்காமல் போன ஓட்டங்களையே அது எண்ணிக்கொண்டிருக்கிறது.

மூன்று இளைஞர்களின் கொலைக்குச் சம்பந்தப்பட்ட எட்கர் ரே கில்லன் குற்றவாளி என்று ஒரு நடுவர் குழு சொன்னது 2005 ஜூன் 21 அன்று. சரியாக நாற்பத்தோரு வருடம் கழித்து, அதே பிலடெல்ஃபியாவில். அதை 87 டச்டவுன்கள் கொண்டுவரவில்லை. சாட்சிகளும் வழக்கறிஞர்களும், அந்த ஊரிலேயே நியாயம் கேட்ட சிலரும் சேர்ந்து, உட்கார்ந்து செய்த வேலை அது. கூட்டத்தின் கைதட்டல் இல்லாமல் நடந்தது. மோரிஸ் 1999லேயே இறந்துவிட்டதால் அவர் அதைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தன் புத்தகத்துக்கு இன்னொரு அத்தியாயம் எழுதியிருப்பார் என்று நினைக்கிறேன். அதில் மார்கஸ் எங்கும் ஓட வேண்டியிருந்திருக்காது.