'நேச்சரி': ஒரு சொல்லின் மொழிபெயர்ப்பு வரலாறு

1. சிக்கல்

இசுலாமிய நம்பிக்கைக்கும் அறிவியல் வளர்ச்சிக்கும் உள்ள உறவைப் பற்றி எழுதுவோர் பலர் ஜமாலுத்தீன் அஃப்கானியைச் (இறப்பு 1897) சான்று காட்டுவர். அவர் புதிய அறிவியலை மறுத்தவர் என்பார்க்கு, அவர் ஐதராபாத்தில் எழுதிய சிறுநூல் ஆதாரமாகும். அவர் அறிவியலை வரவேற்றவர் என்பார்க்கு, அவர் 1882இல் கல்கத்தாவில் ஆற்றிய சொற்பொழிவு ஆதாரமாகும். ஒருவரே ஈராண்டு இடைவெளியில் இருவேறு கொள்கை உடையவரானாரா? அன்றி, நாம் படிப்பது அவர் எழுதியதைத்தானா? இவ்வினாவிற்கு ஒரு சொல்லின் வழியே விடை காண முற்படுகிறது இக்கட்டுரை.

2. சொல்லின் தோற்றம்

சர் சையது அகமது கான் 'நேச்சர்' என்னும் ஆங்கிலச் சொல்லை உருதுவில் அப்படியே எடுத்தாண்டார். இறைவனின் வாக்கும் இறைவனின் செயலாகிய இயற்கையும் தம்முள் முரணா என்பது அவர் கொள்கை. எதிர்ப்பாளர் அச்சொல்லோடு 'ஈ' விகுதி சேர்த்து, அவரையும் அவரைச் சார்ந்தோரையும் 'நேச்சரி' என்று இழித்துரைத்தனர். கடன்சொல் வசைச்சொல்லாயிற்று.

1880ஆம் ஆண்டின் இறுதியில் ஐதராபாத்தைச் சேர்ந்த கணித ஆசிரியர் ஒருவர், எங்கும் பேசப்படும் 'நேச்சரி' என்பதன் உண்மை யாது, அது சமயத்திற்கு முரணானதா என்று கேட்டு அஃப்கானிக்கு மடல் எழுதினார். அதற்கு விடையாகப் பாரசீக மொழியில் அமைந்ததே 1881இல் வெளிவந்த அச்சிறுநூல். அந்நூலின் பிறப்பிடம் ஒரு சொற்பொருள் ஐயம் என்பது மொழியியலார் கருதத்தக்கது.

விடையோ ஐயத்தைத் தீர்க்கவில்லை. அஃப்கானி பண்டைக் கிரேக்க அணுக்கொள்கையாளரையும் டார்வினையும் தம் காலத்து நேச்சரிகளையும் ஒரே நிரலில் வைத்துச் சாடினார். டார்வினின் கொள்கையை அவர் எடுத்துரைக்கும் முறை நேர்மையானதன்று. எள்ளல் அங்கே வாதத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அவருடைய உண்மையான இலக்கு ஆங்கிலேய ஆட்சியோடு இணங்கிப்போன ஒரு சிந்தனைப் போக்கு என ஆய்வாளர் கருதுவர். அரசியல் பகையைச் சமய மொழியில் உரைத்தமையே நூலின் முதற்குறை எனலாம்.

3. மொழிபெயர்ப்பு செய்த மாற்றம்

1886இல் முஹம்மது அப்துஹு இந்நூலை அரபியில் வெளியிட்டபோது, தலைப்பில் 'நேச்சரி' மறைந்து 'தஹ்ரிய்யீன்' இடம்பெற்றது. தஹ்ர் என்பது காலம். காலமன்றி எதுவும் நம்மை அழிப்பதில்லை என்பாரைக் குர்ஆன் (45:24) குறிப்பிடுகிறது. அதனடியாகப் படைப்போனை மறுப்பவர்க்கு வழங்கும் பழம்பெயர் இது. கஸ்ஸாலி (இறப்பு 1111) தம் தன்வரலாற்று நூலில் தஹ்ரிய்யூனையும், இயற்கையை ஆய்ந்து படைப்போன் உண்டெனக் கண்டும் மறுமையை மறுத்த தபீஇய்யூனையும் வெவ்வேறு பிரிவினராகவே வகுத்தார். 'நேச்சர்' என்பதற்கு நேரான அரபுச் சொல் 'தபீஅத்'. அதை விடுத்துத் தஹ்ரைத் தேர்ந்தமையால், மரபே காத்துவந்த வேறுபாடு அழிந்தது. நூலாசிரியர் தொடங்கிய கலப்பை மொழிபெயர்ப்பு நிறைவு செய்தது. இந்தியாவில் எழுந்த ஒரு காலத்துப் பூசல், எக்காலத்திற்கும் உரிய நாத்திக மறுப்பாக உருமாறிற்று. 1942இல் வந்த பிரெஞ்சு மொழிபெயர்ப்பின் தலைப்பும் 'பொருள்முதல்வாதிகள்' என்றே பேசுகிறது. பாரசீக மூலத்திலிருந்து நிக்கி கெடி 1968இல் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பு 'நேச்சரி'யை அப்படியே நிறுத்தியது.

அஃப்கானியின் நிலைப்பாடு அவையறிந்து மாறியதும் உண்மை. கல்கத்தாவில், அறிவை முஸ்லிம் அறிவு, ஐரோப்பிய அறிவு எனப் பிரித்த அறிஞர்களைக் கடிந்தார். 1883இல் பாரிசில் ரெனானுக்குப் பிரெஞ்சு மொழியில் வெளியான மறுமொழியில், சமயம் அறிவியலை ஒடுக்க முயன்றதை ஒப்பினார். ஆயின் அஃது எல்லாச் சமயங்களுக்கும் பொது என்றார். எனவே, எம்மொழியில், எவர்க்கு உரைத்தது என்பதைக் கூறாது அவர் கூற்றை மேற்கோள் காட்டுதல் ஆய்வாகாது.

4. அதே நகரில் மற்றொரு விடை

1917இல் ஐதராபாத்தில் மொழிபெயர்ப்புத் துறை (தாருத் தர்ஜுமா) நிறுவப்பட்டது. அடுத்த ஆண்டு உருதுவைப் பயிற்றுமொழியாகக் கொண்டு உஸ்மானியாப் பல்கலைக்கழகம் தோன்றியது. அங்கே மொழிபெயர்ப்புகளை இலக்கிய நோக்கில் பார்வையிட ஒருவரும் சமய நோக்கில் பார்வையிட ஒருவரும் அமர்த்தப்பட்டனர். பின்னவரின் பதவியைத் தடையாகக் காண்பார் உளர். எனினும், இயற்பியலும் வேதியியலும் மருத்துவமும் உருதுவில் கற்பிக்கப்பட்டன. அங்கு எழுந்த பெருவழக்கு நம்பிக்கையைப் பற்றியதன்று. அரபு வேரிலிருந்தே கலைச்சொல் ஆக்குவதா, உருதுவில் கலந்த எல்லாக் கூறுகளையும் பயன்கொள்வதா என்பதாகும். வஹீதுத்தீன் சலீம் 1921இல் வெளியிட்ட 'வஸ்ஏ இஸ்திலாஹாத்' பின்னதை வலியுறுத்தியது. 1948இல் நிஜாம் ஆட்சி முடிந்தபின் அங்கு ஆங்கிலம் பயிற்றுமொழியாயிற்று. அவ்வறிவியல் உருதுவின் முயற்சியை நிறுத்தியது அரசியல் மாற்றமே, சமயம் அன்று.

5. தமிழுக்கு

இந்நூலைத் தமிழாக்குவோர் 'உலகாயதர்' என்னும் சொல்லை நாடக்கூடும். சிவஞான சித்தியார் பரபக்கம் முதலில் மறுப்பது உலகாயதரையே ஆதலின், அச்சொல் ஆயத்தமான ஒரு கண்டனத்தையும் உடன் கொணரும். மணிமேகலையின் பூதவாதியோ தன் கொள்கை உலோகாயதத்தினின்று வேறுபடும் இடத்தைச் சுட்டுகிறான். நம் மரபும் இவ்வேறுபாட்டை அறியும். 'உலகாயதர்' என்றால் அப்துஹு செய்த பிழையை நாமும் செய்தவராவோம். 'இயற்கைவாதி' எனின் வசைப்பொருள் நீங்கிவிடும். 'நேச்சரி' என்றே நிறுத்தி, அதன் வரலாற்றை முன்னுரையில் விளக்குதல் தகும். சமயமும் அறிவியலும் பொருதன என்னும் முடிவுக்கு வருமுன், பொருதவை இரண்டு சொற்களா எனப் பார்த்தல் மொழிபெயர்ப்பாளர் கடன்.