சாட்சி சொன்னவளும் வழக்குப் பேசியவளும்

யாழ்ப்பாணத்தில் நீதி கேட்டுக் கொல்லப்பட்ட பெண்களைப் பற்றிப் பேச்சு வந்தால் ராஜினி திரணகமவின் பெயர் உடனே வரும். சட்டத்தரணி மகேஸ்வரி வேலாயுதத்தின் பெயர் லேசில் வராது. வந்தாலும் "அவ டக்ளஸின்ட ஆள்தானே" என்பதோடு கதை முடிஞ்சு போகும். முன்னவருக்கு நூலும் படமும் இருக்கின்றன. பின்னவர் பெரும்பாலும் பழைய செய்தித் துணுக்குகளில்தான் நிற்கிறார். இந்த வித்தியாசம் எப்படி வந்தது என்பதே என் கேள்வி.

ராஜினி யாழ். பல்கலைக்கழக உடற்கூற்றியல் துறைத் தலைவர். மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் அமைப்பை 1988இல் தொடங்கியவர்களில் ஒருவர். 1989 செப்டெம்பர் 21ஆம் திகதி சைக்கிளில் வீடு திரும்பும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது வயது 35. அவரும் ராஜன் ஹூல், தயா சோமசுந்தரம், கே. ஸ்ரீதரன் ஆகியோரும் எழுதிய 'முறிந்த பனை' 1990இல் வெளிவந்தது. அதில் பெண்களின் அனுபவங்கள் பற்றி ராஜினி எழுதிய பகுதிதான் நூலின் உயிர். இந்திய இராணுவ காலத்தில் பெண்கள் பட்டதை அவர்களிடமே கேட்டு எழுதியிருக்கிறார். இந்திய இராணுவத்தைக் குற்றஞ்சாட்டும் அதே கை புலிகளையும் மற்ற இயக்கங்களையும் விடவில்லை. ஒரு காலத்தில் புலிகளுக்கு ஆதரவாக நின்ற ஒருவர் எழுதியது என்பதால் அந்த விமர்சனத்துக்குப் பாரம் கூடுகிறது.

2005இல் கனடாவின் ஹெலன் க்ளோடாவ்ஸ்கி இயக்கிய 'நோ மோர் டியர்ஸ் சிஸ்டர்' படம் ராஜினியின் வாழ்க்கையைச் சொல்கிறது. தாயின் பாத்திரத்தில் மகள் ஷாரிகாவே நடிக்கிறார். அக்கா நிர்மலாவும் கணவர் தயாபாலவும் பேசும் இடங்கள் மனசை உலுக்கும். ஆனால் எனக்கு ஒரு குறை. நூலில் ராஜினி மற்றப் பெண்கள் சொல்வதைக் கேட்கிறார். படத்தில் ராஜினியைப் பற்றி மற்றவர்கள் சொல்வதை நாம் கேட்கிறோம். அவரிடம் வந்து வாய் திறந்த பெண்கள் பின்னால் போய்விடுகிறார்கள். நூலை வாசிக்காமல் படத்தை மட்டும் பார்த்தவருக்கு ஒரு வீரப்பெண் கிடைப்பார். அவர் செய்த வேலை கிடைக்காது.

மகேஸ்வரி செய்த வேலையோ படத்துக்குத் தோதானதல்ல. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில், 2022ஆம் ஆண்டு திருத்தப்படும் வரை, ஒருவரை 18 மாதம் வரை தடுத்து வைக்க முடிந்தது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமாகிவிடும். அப்படிப் பிடிபட்ட தமிழர்களுக்காகத்தான் அவர் வாதாடினார். பின்னர் அமைச்சர் டக்ளஸ் தேவானந்தாவின் ஆலோசகரானார். 2008 மே 13ஆம் திகதி, சுகமில்லாத தாயைப் பார்க்கக் கரவெட்டிக்கு வந்திருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார். கைதிகளுக்காக வாதாடியவர், அந்தச் சட்டத்தையே கையில் வைத்திருந்த அரசின் அமைச்சர் பக்கத்தில் நின்றது முரண்தான். அதை மறைக்கும் வரலாறு வரலாறாகாது. அந்த முரணை மட்டும் காட்டி, அவரால் வெளியே வந்த பிள்ளைகளை மறப்பதும் நீதியில்லை.

இதில் எங்களுக்கென்ன என்று கேட்கலாம். ராஜினி கொல்லப்பட்டு 13 மாதத்தில், 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, யாழ்ப்பாண முஸ்லிம்களைப் புலிகள் இரண்டு மணித்தியால அவகாசத்தில் வெளியேற்றினார்கள். வடக்கு முழுவதும் சுமார் 75,000 பேர். சோனகத் தெரு வெறுமையானபோது கண்ணீர் விட்ட தமிழ் அயலவர்கள் இருந்தார்கள். சந்தியில் நின்று கேட்கத்தான் ஆளில்லை. கேட்கக்கூடியவர்களைக் கொன்றும் துரத்தியும் முடிஞ்சிருந்தது. ராஜினியின் அமைப்பு அந்த வெளியேற்றத்தைப் பதிவு செய்தது. ஷாரிகா 2011இல் வெளியிட்ட 'இன் மை மதர்ஸ் ஹவுஸ்' நூலில் புத்தளத்தில் வாழ்ந்த எங்கட சனத்தின் கதையும் இருக்கிறது. தாய் தன் சனத்துப் பெண்களைக் கேட்டு எழுதினார். மகள் எங்களையும் கேட்டு எழுதினார்.

நீதிக்குச் சாட்சியாய் நில்லுங்கள், அது உங்களுக்கோ பெற்றோருக்கோ உறவினருக்கோ எதிராக இருந்தாலும் சரி என்பது அன்னிஸா அத்தியாயத்தின் 135ஆம் வசனத்தின் கருத்து. மேடைகளில் இதை அடிக்கடி சொல்கிறோம். ராஜினியை இந்த அளவுகோலால் அளந்து பாராட்டுவது சுகம். எங்களை அளப்பதுதான் கஷ்டம். வெளியேற்றத்தைப் பற்றிக் கவிதையும் கதையும் எழுதிவிட்டோம். இன்னும் எழுதவும் வேணும். 1990இல் கிழக்கில் முஸ்லிம் ஊர்காவல் படையினர் சம்பந்தப்பட்ட தமிழர் கொலைகளைப் பற்றி எங்கட பேனா எவ்வளவு எழுதியிருக்கிறது? அந்தப் பக்கம் நிரம்பாத வரை எங்கட இலக்கியத்தில் பாதிச் சாட்சியம்தான் இருக்கிறது.

'முறிந்த பனை'யை முதலில் வாசியுங்கள், படத்தைப் பிறகு பாருங்கள். மகேஸ்வரி வாதாடி மீட்டவர்களும் அவர்களின் தாய்மாரும் வயசாகிக்கொண்டு போகிறார்கள். அவர்களிடம் போய்க் கேட்டு எழுத வேண்டியது தமிழர் மட்டுந்தான் என்று நான் நினைக்கவில்லை.