சூளும் பணியும்: ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரின் ஓர் அத்தியாயம்

ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் நாவல் வரிசையைத் தழுவி எச்.பி.ஓ. 2011 முதல் 2019 வரை ஒளிபரப்பிய ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’, அரியணைப் போட்டியைப் பேசும் தொடராகவே பெரிதும் மதிப்பிடப்படுகிறது. ஆயின், 2019 ஏப்ரல் 21 அன்று ஒளிபரப்பான ‘எ நைட் ஆஃப் த செவன் கிங்டம்ஸ்’ என்னும் எட்டாம் பருவத்தின் இரண்டாம் அத்தியாயம், அரியணையை ஒதுக்கிவைத்துப் பணிசெய்வோரை நடுவில் நிறுத்துகிறது. பிரையன் காக்மன் எழுதி டேவிட் நட்டர் இயக்கிய இதில் போர் இல்லை. போருக்கு முந்தைய காத்திருப்பே உள்ளது.

அரசனைக் காக்கச் சூளுற்று அவனையே கொன்ற ஜேமி லானிஸ்டர், வின்டர்ஃபெல் கோட்டையில் விசாரணைக்கு உள்ளாகிறான். அவனுக்காகப் பிரியென் எழுந்து பேசுகிறாள்; அவள் வாக்கை நம்பியே சான்சா அவனை ஏற்கிறாள். தலைவி ஆணையிடப் பணியாள் கீழ்ப்படிதல் என்னும் வழக்கமான போக்கு இவ்விடத்தில் திரும்பி, பணிபுரிபவளின் சொல் தலைவியின் முடிவுக்குப் பிணையாகின்றமை கருதத்தக்கது.

இப்பற்றினைச் செஞ்சோற்றுக்கடன் எனப் பெயரிட்டுவிடல் எளிது, ஆனால் பொருந்தாது. உண்ட சோறு ஒரு தலைவனோடு பிணைக்கும். பிரியெனோ ரென்லி, காட்லின், சான்சா என மூவர்க்குப் பணிபுரிந்தவள். காட்லின் இறந்த பின்னரும் அவளுக்குக் கொடுத்த சொல்லே பிரியெனைச் சான்சாவிடம் கொண்டுசேர்த்தது. அவளது பற்று ஆளைக் கடந்து சொல்லின்மீது நிற்பது.

நெருப்பருகே நிகழும் காட்சியில் இது முழுமை பெறுகிறது. பெண் ‘நைட்’ பட்டம் பெறுதல் மரபன்று எனப் பிரியென் கூற, டோர்மண்ட் அம்மரபையே இகழ்கிறான் (அவன் கையாளும் சொல் ஈண்டு எடுத்தாளத்தக்கதன்று). பட்டம் அளிக்க அரசன் வேண்டா, ஒரு நைட்டே போதும் என்று ஜேமி அவளை மண்டியிடச் செய்கிறான். சூள் பிழைத்தவன் என நாடறிந்தவன் சூள் காத்தவளுக்குப் பட்டமளிக்கும் இம்முரணே அத்தியாயத்தின் உயிர்நாடி எனலாம். துணிவு, நீதி, மாசற்றோரைக் காத்தல் ஆகியவற்றை அவன் கடமைகளாக விதிக்கும்போது, அவள் அவற்றை முன்னரே வாழ்ந்திருக்கிறாள். சடங்கு பிந்தி வருகிறது. அவள் தலைமையின்கீழ்ப் போரிட விழைவதாக அவன் முன்னர்க் கூறியதும் இதனோடு இணைத்து நோக்கத்தக்கது.

இந்நுட்பம் கிரே வோர்ம் பகுதியில் இல்லை. அடிமைப் படைவீரனாக வளர்க்கப்பட்டு டெனேரிசால் விடுதலை பெற்ற அவன், போருக்குப்பின் மிசாண்டேயுடன் அவளது தாயகமான நாத் தீவுக்குச் செல்ல விரும்புகிறான். விடுதலைக்குப் பின்னும் தொடரும் பணி விருப்பமா, நன்றியா, வெறும் பழக்கமா என்னும் வினாவை அத்தியாயம் எழுப்பிவிட்டு, ஒரு சிறு உரையாடலுடன் கடந்துவிடுகிறது. உயர்குடிப் பிறந்த பிரியெனின் பணிக்கு நெருப்பருகே கைதட்டல் கிடைக்கிறது. கிரே வோர்மையும் மிசாண்டேயையும் வடபுலத்தார் அயலாராகவே நோக்குகின்றனர்.