கண்ணுக்குத் தப்பும் அம்புக்குறி

கணினித் திரையில் மவுஸின் அம்புக்குறியைத் தேடி அலைபவர்கள், முதலில் தங்கள் கண்ணைத்தான் குறை சொல்கிறார்கள். குறை பெரும்பாலும் அமைப்பில் இருக்கிறது. விண்டோஸில் இயல்பாக வரும் அம்பு வெள்ளை நிறம். நாம் தட்டச்சு செய்யும் பக்கமும் வெள்ளை. மெல்லிய கறுப்பு ஓரம் ஒன்றே இரண்டையும் பிரிக்கிறது. (தமிழில் 'சுட்டி' என்று சிலர் மவுஸையும், சிலர் இந்த அம்பையும் சொல்வதால், இங்கே அம்பு என்றே எழுதுகிறேன்.)

1968-இல் டக்ளஸ் எங்கல்பர்ட் மவுஸை இயக்கிக் காட்டியபோது அம்பு நேராக மேல்நோக்கி நின்றது. பின்னர் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் அதை இடப்பக்கம் சாய்த்தார்கள். புள்ளிகள் குறைந்த அன்றைய திரையில் சாய்ந்த அம்பே தெளிவாகத் தெரிந்தது. கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவே அந்த வடிவம் மாறியது. இன்று திரையில் புள்ளிகள் பெருகிவிட்டன. அம்பு மட்டும் அதே புள்ளிக் கணக்கில் நின்றால், அது சுருங்கித்தான் தெரியும்.

2019-இல் வந்த விண்டோஸ் 10 புதுப்பிப்பு, அம்பின் அளவை 1 முதல் 15 வரை கூட்டவும், விரும்பிய நிறம் கொடுக்கவும் வழி செய்தது. நல்ல வசதிதான். ஆனால் அது இருக்கும் இடம் எது? மாற்றுத்திறனாளிகளுக்கானது என்று பலரும் கடந்துபோகும் 'ஆக்ஸஸிபிலிட்டி' பகுதி. அறுபது வயதுக்காரரோ, கடைசி பெஞ்சிலிருந்து புரொஜெக்டர் திரையைப் பார்க்கும் மாணவரோ அங்கே போய்த் தேட மாட்டார். விண்டோஸ் விசையுடன் U-வுக்குரிய விசையை அழுத்தினால் அந்தப் பகுதி நேரே திறக்கும்; இதையும் யாராவது சொன்னால்தான் தெரிகிறது.

அளவை மட்டும் கூட்டுவது அரைத் தீர்வு. 15-ஆம் படியில் அம்பு, நாம் படிக்க வேண்டிய சொல்லையே மறைத்துவிடும். மூன்று அல்லது நான்காம் படியும், பக்கத்தில் வேறெங்கும் வராத அடர்ந்த நிறமும் போதும். பின்னணிக்கு எதிர்நிறமாக மாறும் அம்பு கேட்க அழகாக இருக்கிறது. நடுத்தரச் சாம்பல் நிறத்தின் மேல் போனால் அதுவும் சாம்பலாகிக் கரைந்துவிடும்.

இதில் ஆப்பிள் மேல். 2015-இல் வந்த எல் கேப்பிட்டன் முதல், மவுஸை வேகமாக அசைத்தால் அம்பு சற்று நேரம் பெரிதாகிக் காட்டும். தொலைத்தவர் எப்படியும் மவுஸை அசைக்கத்தான் செய்வார். யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. விண்டோஸிலோ கண்ட்ரோல் விசையை அழுத்தினால் அம்பைச் சுற்றி வட்டம் தோன்றும் பழைய வசதி ஒன்று உண்டு. அதை 'பாயின்டர் ஆப்ஷன்ஸ்' பக்கத்தில் நாமே தேடிப் போய் இயக்க வேண்டும்.

இந்த மாற்றங்கள் அவரவர் பயனர் கணக்கோடு நிற்பவை. பள்ளிக் கணினி அறையிலும் பிரவுசிங் சென்டரிலும் வேறு கணினியில் உட்கார்ந்தால், பெரும்பாலும் மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டியிருக்கும்.